பன்னிரண்டு புள்ளியில் ஓர் உடம்பு

மணிவேலின் ஜீப் புரண்ட இடம் ஒன்றும் பெரிய பள்ளமில்லை. போளூருக்கும் ஜவ்வாது மலைக்குமாகப் பத்து வருஷம் அவன் ஆளேற்றிப் போய்வந்த அதே பாதைதான். அன்றைக்கு எல்லோரையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, மழையில் ஊறிக் கிடந்த ஓரத்து மண் சரிந்து ஜீப் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது, இடுப்பெலும்பில் விரிசல். வேலூரில் கம்பி வைத்துத் தைத்த டாக்டர், மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வெளிச்சம் இருக்கும் நேரத்தில் வீட்டில் தங்கிப் பழக்கமில்லாதவன் மணிவேல். விடியும் முன்னே கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவான். இப்போது கட்டிலில் படுத்தபடி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஒரு பலாமரம், அதற்கப்பால் பக்கத்து நிலத்துச் சாமைப் பயிர், அவ்வளவுதான். சாலை வீட்டுக்கு முன்பக்கம். ஜீப்பைச் சரிபார்த்து அவனுடைய நண்பன் சேட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். தினமும் காலையில் அந்த ஹாரன் கேட்கும். கேட்டதும் மணிவேல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அதைவிடப் பெரிய அவமானம், படுத்தபடியே வெளிக்குப் போக கட்டிலுக்கடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டு. அதை இளவரசிதான் வைத்து எடுக்க வேண்டும். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் முன்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்து சாப்பிடக்கூட அவன் கூச்சப்பட்டவன். இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவள் வெளியே போகும்வரை மூச்சை அடக்கியிருப்பான். அதன் பிறகு எதற்காவது எரிந்து விழுவான். டீ ஆறிப்போச்சு என்பான், ஜன்னலை ஏன் சாத்தினாய் என்பான். அவள் பதில் சொல்லமாட்டாள்.

இரண்டாவது வாரம் அவள் பரணிலிருந்து ஒரு லேப்டாப்பை இறக்கித் துடைத்துக் கொண்டுவந்தாள். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது, மின்சாரம் இருந்தால்தான் ஓடும்.

"இன்னா அது?"

"கேமு. எங்க அண்ணன் காலேஜ் படிக்கச்சொல்ல இதுல ஏத்தி வச்சது. போன்லதான் டவரே சரியா வரமாட்டேங்குதே, இத ஆடுங்க."

அழிந்துபோன ஓர் உலகம். ஏதோ விஷக்காற்று அடித்து மனிதர்கள் எல்லோரும் உருமாறிப் போயிருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே நம்முடைய ஆள் எப்படி மாறியிருக்க வேண்டும் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு புள்ளி தருவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை. குறை எதையாவது ஏற்றுக்கொண்டால் புள்ளி திரும்பக் கிடைக்கும். ஆள் செத்தால் அதோடு சரி. சேமித்து வைத்ததும் அழிந்துபோகும். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. மணிவேலுக்கு ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் எழுத்துக்கூட்டத் தெரியும், அதற்கு மேல் வராது. இளவரசி திருவண்ணாமலையில் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள்.

"செறகு, நாலு புள்ளி. நாலு காலு, அஞ்சு புள்ளி. வெஷ நகம், மூணு."

"மூணையும் போடு."

"போட்டா பன்னெண்டும் தீந்துபோச்சு. இன்னும் வேணும்னா கொற எடுக்கணும். பகல்ல கண்ணு தெரியாது, அதுக்கு மூணு. வலிப்பு, ரெண்டு. எலும்பு..." என்று நிறுத்தினாள்.

"எலும்பு இன்னா?"

"சீக்கிரம் ஒடையும். அதுக்கும் மூணு புள்ளி தர்றான்."

மணிவேல் தன் காலைப் பார்த்தான். "எனுக்கு ஒருத்தனும் ஒரு புள்ளியும் குடுக்கலியே" என்றான். இளவரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜீப் புரண்டதற்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சிறகு வைத்த ஆள் இரண்டாம் நாளே சூறைக்காற்றில் மாட்டிக்கொண்டு மலையில் மோதிச் செத்தான். அடுத்தவனுக்கு நாலு கை வாங்கி, நாலிலும் கத்தி கொடுத்தார்கள். அவன் தண்ணீர் கிடைக்காமல் செத்தான். மூன்றாமவன் நெருப்பைக் கக்கித் தன் கூடாரத்தையே கொளுத்திக்கொண்டான். மணிவேலுக்குப் பித்துப் பிடித்தது. மத்தியானமெல்லாம் படுத்துக்கொண்டு, எந்த மாற்றத்தோடு எதைச் சேர்க்கலாம் என்று மனசுக்குள் கூட்டிக் கழித்தான். எந்தக் கலவையானாலும் அவன் முதலில் வாங்குவது கால்தான். நாலு கால், தாவும் கால், ஓடினால் களைக்காத கால்.

"ஓடாதீங்க" என்பாள் இளவரசி, பக்கத்திலிருந்து. "நில்லுங்க. அது இன்னும் உங்களப் பாக்கல."

"நிக்கறதுக்கா அஞ்சு புள்ளி குடுத்துக் காலு வாங்கனேன்?"

ஓடுவான். சாவான். அவனுடைய ஆள் அதிகம் உயிரோடிருந்தது ஒன்பது நாள்.

இரண்டாவது மாதத்தில் இளவரசி அடிக்கடி வெளியே போனாள். "ஜமுனாமரத்தூர் போய்ட்டு வர்றேன்" என்று தண்ணீர்ச் சொம்பைக் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுக் கிளம்பினால் வர மூன்று மணி நேரமாகும். என்ன வேலை என்று கேட்டால் மாத்திரை வாங்க, ரேஷனுக்கு என்று ஏதாவது சொல்வாள். அவன் கூரையைப் பார்த்தபடி நேரத்தை எண்ணுவான். யாரைப் பார்க்கப் போகிறாள் என்றுகூட ஒருநாள் நினைத்தான். நினைத்ததற்காக வெட்கப்பட்டான், மறுநாளும் நினைத்தான்.

அப்படி அவள் போயிருந்த ஒரு மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தான். வழக்கமாக அவளே தன் கையால் அவனுடைய ஆட்டத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போவாள். அன்று மறந்திருந்தாள். பட்டியலில் மேலே 'மணி' என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயர். எழுத்துக்கூட்டினான். 'அரசி.'

அது அவன் மட்டும் அவளைக் கூப்பிடும் பெயர். பக்கத்தில் ஓர் எண் இருந்தது. நாற்பத்தொன்று. நாற்பத்தோராம் நாள்.

திறந்தான். ஒரு பாறையிடுக்கில் சின்னதாக ஓர் உருவம் நின்றிருந்தது. என்னென்ன மாற்றம் என்று பார்க்கும் பக்கத்துக்குப் போனான். அவள் இத்தனை நாள் படித்துச் சொன்ன வார்த்தைகள் பல இப்போது அவனுக்கு அடையாளம் தெரிந்தன. சுற்றியிருப்பதன் நிறத்துக்கு மாறும் தோல். அசையாமல் நின்றால் பசியும் தாகமும் ஏறாத வயிறு. வெகுதூரத்துச் சத்தமும் கேட்கும் காது. கத்தி கிடையாது, நகம் கிடையாது, காலில் ஒன்றுமே இல்லை. மூன்றும் சேர்ந்து பதினைந்து புள்ளி. மிச்சம் மூன்றை எங்கே வாங்கினாள் என்று தேடினான். கடைசி வரியில் இருந்தது. அந்த ஆளுக்குக் குரல் இல்லை. யாரோடும் பேச முடியாது.

மணிவேலுக்கு அது என்னவோபோல் இருந்தது. மூடி வைத்திருக்கலாம். ஆனால் இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு எப்படி நாற்பத்தொரு நாள் பிழைத்தாள் என்று பார்க்க அவனுக்கு ஆசை வந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது. வடக்கே ஏதோ ஊரின் வாசல் தெரிந்தது. நாலு அடி நடத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று பொத்தானை அழுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. நடந்தால் தோலின் நிறம் ஒட்டாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. பக்கவாட்டிலிருந்து மூன்று ஓநாய்கள் வந்தன. அவன் பழக்கத்தில் ஓடினான். ஓடும் கால் அவளுக்கு இல்லை.

திரை கறுத்தது. மறுபடி பட்டியல் வந்தபோது அதில் 'மணி' மட்டும் இருந்தது.

அவள் வர இரண்டு மணி நேரமானது. அதற்குள் அவன் ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தான். மின்சாரம் போய்விட்டது, வந்து பார்த்தால் காணோம். நம்பும்படியான பொய்தான். மழையில் நனைந்து வந்த இளவரசி கையிலிருந்த பழுப்பு உறையை அலமாரியில் வைத்துவிட்டுத் தலையைக்கூடத் துவட்டாமல் முதலில் அவனுக்குத் தட்டை வைத்து எடுத்தாள். கையைக் கழுவி அடுப்பில் டீயை ஏற்றினாள். அதைப் பார்த்தபிறகு அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"அரசி... உன் ஆளு செத்துட்டா."

"எந்த ஆளு?"

"அந்த நாப்பத்தோரு நாளு இருந்தாளே. நாந்தான். சும்மா நாலு அடி நடத்திப் பாக்கலாம்னு..."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"எம் பேரு போட்டுத்தான வச்சிருந்தேன்?"

"ஆமா."

"அப்பறம் ஏன் தொட்டீங்க?"

"கேமுதான அரசி. அதேமாரி இன்னொண்ணு செஞ்சிக்கலாம்" என்றான்.

"கேமுதான்" என்றாள். டீ பொங்கி வழிந்தது. அவள் அணைத்தாள். அவன் அதோடு விட்டிருக்கலாம்.

"ஏன் அவளுக்குக் கொரல வாண்டாம்னுட்ட?"

அப்போதுதான் அவள் திரும்பினாள். "பேசி இன்னா ஆவப்போவுது? போன வருஷம் வாயத் தொறந்து கேட்டேன். போளூர்ல டீச்சர் வேல வந்துது, போட்டுமான்னு. நீங்க ஜீப்பு கழுவிக்கினு இருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

அவனுக்கு நினைவு வந்தது. 'மலைக்குக் கீழ தெனம் பஸ்ல தொங்கிக்கினு போவறதெல்லாம் ஆவாது' என்று சொல்லியிருந்தான். சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கழுவினான். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆசை விட்டுப்போச்சு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"மூணு மாசம் படுத்துக் கெடக்கறதுக்கே இந்தக் கத்து கத்துறீங்க" என்றாள் இளவரசி. அவள் குரல் உயரவே இல்லை. "எனுக்கு நாலு வருஷம்."

அதற்குப் பிறகு அவள் எதையும் படித்துச் சொல்லவில்லை. சோறு வந்தது, மாத்திரை வந்தது, தட்டு வந்து போனது. லேப்டாப் பக்கமே அவள் திரும்பவில்லை. மணிவேல் தனியாக உட்கார்ந்து, அவளுடைய ஆளை அப்படியே மறுபடி உண்டாக்கினான். அதே தோல், அதே வயிறு, அதே காது, அதே குரலின்மை. நாற்பத்தொரு நாள் ஓட்டி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. மூன்று முறை செத்தான். அவனுக்கு நிற்க வரவில்லை. ஒரு பாறையருகே நின்று, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, ஓர் அடி வைத்து, மறுபடி நிற்க வேண்டும். ஒரு மத்தியானம் முழுக்க ஆடினாலும் இரண்டு நாள்தான் நகரும். கை குறுகுறுத்தது, எழுந்து வெளியே ஓட வேண்டும்போல் இருந்தது. இதை அவள் தன்னருகிலேயே, தான் தூங்கிக்கொண்டிருந்த நேரங்களில், சத்தமில்லாமல் ஆடியிருக்கிறாள் என்ற நினைப்பு அவனைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தியது.

நாலாவது முறை ஆறு நாள் தாண்டியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். இளவரசி பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் நிக்கறீங்க" என்றாள். "ஆனா அது உங்க ஆளு. எனுது இல்ல. நீங்களே வச்சிக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அலமாரியிலிருந்த பழுப்பு உறையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"போளூர்ல ஒரு ஸ்கூலு. இங்கிலீஷ் டீச்சர். ஜமுனாமரத்தூர் போய்ப்போய் வந்ததெல்லாம் இதுக்குத்தான். நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. மொத பஸ்ல போயி ஆறு மணிக்குள்ள வந்துடுவேன். மத்தியானம் சேட்டண்ணன் சவாரி விட்டுட்டு வந்து சோறு குடுக்கறேன்னாரு."

"சேட்டுக்குத் தெரியுமா?"

"பத்து நாளாத் தெரியும்."

மணிவேல் உறையைப் பிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியவேண்டியது வேறொன்று. கண் கட்டிலுக்கடியில் போய் வந்தது. அவள் புரிந்துகொண்டாள்.

"அதுவுந்தான். கேட்டுட்டேன். அதுக்கென்னம்மான்னாரு."

தினமும் பக்கத்தில் நின்று டீ குடித்தவன், தன்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பவன், நாளைக்கு இந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போவான். மணிவேலுக்குக் காது சுட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னாலும் அவள் போய்விடுவாள் என்று தெரிந்தது. சொன்னதுதான் மிஞ்சும். உறையைத் திருப்பிக் கொடுத்து, "மழ பேஞ்சா கொட எடுத்துக்க" என்றான்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவள் எல்லாவற்றையும் கைக்கெட்டும்படி அடுக்கினாள். தண்ணீர், பிஸ்கட், மாத்திரை, போன். கல்யாணத்தன்று உடுத்திய பிறகு அவன் பார்த்தேயிராத நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். வாசல் வரை போனவள் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். இதுவரை கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போய்வந்தாள், ஆனால் இன்றைக்குப் பலாமரத்தில் குரங்குகள் இறங்கியிருந்தன. திறந்து போட்டால் உள்ளே வந்துவிடும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட அவனால் எழுந்திருக்க முடியாது. இத்தனையும் ஏற்பாடு செய்தவள் இதை யோசிக்கவில்லை.

"இப்ப இன்னா பண்றது?" என்றாள். முதல்முறையாக அவள் குரலில் தடுமாற்றம் இருந்தது.

"வெளிய தாப்பா போட்டுட்டுப் போ."

"உள்ள வச்சிப் பூட்டனமாரி இருக்குமே உங்களுக்கு."

"இருக்கும். போடு. பஸ்சு போய்டும்."

அவள் கதவைச் சாத்தினாள். இரும்பில் இரும்பு உரசி விழுந்தது. ஈர மண்ணில் அவள் நடை கொஞ்ச தூரம் கேட்டு நின்றது. அறையில் வெளிச்சம் குறைந்துவிட்டது. சேட்டு வர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

கூரையில் ஏதோ தொப்பென்று குதித்தது. ஒரு பெரிய ஆண்குரங்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிஸ்கட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. மணிவேல் தலையணையை உருவி அதன்மேல் வீசினான். தலையணை கம்பியில் பட்டுச் சுவரோரம் தரையில் விழுந்தது. குரங்கு போகவில்லை. அவன் கையை நீட்டிப் பார்த்தான், எட்டவில்லை. தலையை வெறும் கட்டிலில் சாய்த்துக்கொண்டான்.