எண்பது டிகிரி

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்த அன்றே சுபாஷினி ‘நீங்க’வில் இருந்த ‘ங்க’வைக் கழற்றி எறிந்துவிட்டாள். பதினொரு வருடம் ‘வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க’ என்று சொன்ன வாய், மறுநாள் காலை மாடிப்படியில் கோகிலனைப் பார்த்ததும் “தள்ளு, வழிய விடு” என்றது. வீடு பிரிந்தாயிற்று, கார் பிரிந்தாயிற்று. தேநீர்க்கடை மட்டும் பிரியவில்லை.

லெபோ பசார் தெருவில், சலேஹா அக்காவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கடை. பத்து காவான் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த கோகிலனை ஒரு முறை ஆறு மாதம் தைவானுக்கு அனுப்பினார்கள். போனவன் மெஷின் பழகினானோ இல்லையோ, ஊலோங் தேயிலைப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். சும்மா ஊலோங் அல்ல, உயர்மலை ஊலோங். ஆயிரம் மீட்டருக்கு மேலே, பனிமூட்டத்தில், அவசரமே இல்லாமல் வளரும் இலை. பயறு அளவுக்கு உருட்டிக் காயவைத்திருப்பார்கள். வெந்நீர் பட்டதும் உருண்டை அவிழ்ந்து முழு இலையாக விரியும். வெண்ணெய் வாசமும் பூ வாசமும் சேர்ந்து வரும். விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு திரும்பி வரும். அந்த இனிப்பை நம்பித்தான் இரண்டு பேரும் கடை போட்டார்கள். இலை வாங்குவது அவன் வேலை, ஊற்றிக் கொடுப்பது அவள் வேலை. பாலும் சீனியும் இல்லாத மஞ்சள் தண்ணீருக்கு எவன் வருவான் என்று சிரித்த சொந்தக்காரர்கள், கெலுகோரிலிருந்து பல்கலைக்கழக ஆட்கள் வந்து வரிசையில் நின்றதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது வாடகை ஒப்பந்தம் முடிகிறது. கட்டடத்துச் சொந்தக்காரர் சலேஹா அக்காதான். அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

“இனி ரெண்டு பேரு பேருல எழுதமாட்டேன்லா. மேல நீங்க போடுற சத்தத்துல கீழ என் கஸ்டமர் ஓடுறாங்க. செவ்வாக்கிழம காலையில வழக்கம்போல டீ குடிக்க வர்றேன். யாருக்கு எழுதணும்னு என் நாக்கு சொல்லும்.”

கடை போடுவதற்கு முன்னால் மாக் மண்டினில், ஒரு தொழிற்சாலையில், ஒன்பது வருடம் நின்றுகொண்டே பெட்டி ஒட்டியவள் சுபாஷினி. கடை போனால் திரும்ப அங்கேதான் போய் நிற்க வேண்டும். அதைவிட, கோகிலன் இங்கே முதலாளியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டும். அது அவளால் ஆகாது.

அவளிடம் ஒரு ரகசியமும் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் கோகிலன் வரவழைத்த பெட்டியைத் திறந்து முதல் குவளை ஊற்றியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இலை மெலிசாக இருந்தது. ஓரங்கள் கத்தரித்த மாதிரி நேராக இருந்தன. எங்கோ தாழ்வான தோட்டத்தில் மெஷின் வெட்டிய இலை. கோகிலன் தலையில் வைத்துக் கொண்டாடிய வியாபாரி அவன் காதில் நன்றாகப் பூச்சுற்றியிருந்தான். வாங்குவதோடு தன் வேலை முடிந்தது என்று இருப்பவன், அந்த இலையை ஒருநாள்கூட ஊற்றிப் பார்க்கவில்லை.

அவள் அவனிடம் சொல்லவில்லை. தண்ணீரை எண்பது டிகிரிக்கு ஆறவைத்தாள், இலையைக் குறைத்தாள், ஊற்றிய கையோடு வடித்தாள். கசப்பு இலைக்குள்ளேயே நின்றுவிட்டது. மணமும் சுருங்கித்தான் போனது. ஆனாலும் வந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சுபாஷினி ஏழு மாதம் மறைத்தாள். கடையைக் காப்பாற்றத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுமட்டும் இல்லை. ‘என் இலை, என் செலக்‌ஷன்’ என்று அவன் மார்தட்டும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு சலேஹா அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்து உட்கார்ந்தார். கோகிலன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். கையில் ஒரு சின்ன வெள்ளிக் காகிதப் பொட்டலம்.

“போன வருஷத்து இலை, அக்கா. கடைசிப் பொட்டலம், வீட்ல பூட்டி வெச்சிருந்தேன். கடை என் பேருக்கு வந்ததும் பிரிக்கணும்.”

“பிரிக்கிறதுக்கு முன்னாடி பேரு வரட்டும்” என்றாள் சுபாஷினி, கெட்டிலை அணைத்து மூடியைத் திறந்துவைத்தபடி.

அவன் அதற்காகவே காத்திருந்தவன் போல் துள்ளினான். “பாத்தீங்களாக்கா? தண்ணிய ஆற வெக்கிறா! உயர்மலை இலைக்குக் கொதிக்கிற தண்ணி ஊத்தணும். அப்பதான் அவிழும், மணம் வரும். இவ பயந்து பயந்து ஊத்தி என் இலையக் கொல்லுறா. இவ கையில என்ன இருக்கு? மெஷின்கூட ஊத்தும்.”

“மெஷின் உன்ன மாதிரி பேசாதுலா. அதுவே பெரிய புண்ணியம்.”

“சரி, உன் கையே வேணாம். வியாபாரிங்க டெஸ்ட் பண்ற மாதிரி பண்ணு. வெள்ளக் கிண்ணம், மூணு கிராம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணி, ஆறு நிமிசம். இலை பேசட்டும்.”

அவன் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. உண்மையான உயர்மலை இலை அந்தச் சூட்டைத் தாங்கும், அந்தச் சூட்டில்தான் வாயையே திறக்கும். சுபாஷினி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். ‘வேணாம், அந்த இலை தாங்காது’ என்று நாலு வார்த்தை. சொல்ல மாட்டாள்.

“நீ கேட்டதத்தான் ஊத்துறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

தண்ணீர் மறுபடி தளதளவென்று கொதித்தது. ஊற்றி மூடினாள். ஆறு நிமிடமும் அவன் மலையைப் பற்றியே பேசினான். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொழுது அவ்வளவு இன்பமாகக் கழிந்து ரொம்ப நாளாயிற்று.

சலேஹா அக்கா ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. குடித்ததைக் குவளையிலேயே துப்பினார்.

“யா அல்லா! என்ன தம்பி இது, கஷாயமா?”

கோகிலன் குவளையைப் பிடுங்கிக் குடித்தான். மறுபடி குடித்தான். பிறகு கிண்ணத்துக்குள் விரலை விட்டு ஓர் இலையை எடுத்து மேசைமேல் விரித்தான். நேரான ஓரத்தை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தான்.

“மெஷின்ல வெட்டுன இலை…” என்றான், யாரையும் பார்க்காமல்.

நுணலும் தன் வாயால் கெடும். சுபாஷினிக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அங்கேயே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள்.

“இன்னிக்குத்தான் தெரியுதா? ஏழு மாசமா இந்தக் குப்பைதான்! இவன் வாங்கின லட்சணத்த நான்தான்க்கா மூடி வெச்சேன். எண்பது டிகிரிக்கு ஆற வெச்சு, சட்டுன்னு வடிச்சு… என் கை இல்லேன்னா இந்தக் கடை என்னிக்கோ இழுத்து மூடியிருக்கும்!”

சலேஹா அக்கா குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அப்ப ஏழு மாசமா, செவ்வாக்கிழமக்குச் செவ்வாக்கிழம, ‘உயர்மலை, அக்கா’ன்னு சொல்லி எனக்கு இதத்தான் ஊத்துனியா?”

சுபாஷினி துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

“நான் துணி விக்கிறவ, சுபா. காட்டன்னு நம்பி பாலியஸ்டர் வாங்கிட்டு வந்தா அவன் மடையன். பாலியஸ்டர்னு தெரிஞ்சே காட்டன்னு கிழிச்சுக் குடுத்தா, அவளுக்கு வேற பேரு. மடையனுக்கு நான் இடம் குடுப்பேன், அடுத்த தடவ பாத்து வாங்குவான். கோகிலன் பேருக்கே எழுதுறேன்.”

“கடையக் காப்பாத்தத்தான்க்கா…”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்” என்றான் கோகிலன். கத்தாமல் சொன்னான். அவன் கத்தியிருந்தால் அவளுக்குத் திருப்பிக் கத்தத் தெரியும்.

சுபாஷினி, தான் சொந்தமாக வாங்கிய மண் தேநீர்க் குடுவையைத் துடைத்துத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. பின்னால் சலேஹா அக்கா, “வாய் கசக்குது தம்பி, அந்தப் பொட்டலத்தையாவது பிரி” என்றார். கோகிலன் கெட்டிலுக்கு முன்னால் போய் நின்று திருதிருவென்று விழித்தான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவன் அங்கே நின்று ஊற்றியதில்லை.

“சுபா… எத்தன டிகிரி?”

படியில் கால் வைத்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கொதிக்கிற தண்ணிதானே கேட்ட? அதையே ஊத்து. நாசமாப் போ.”

பையில் துண்டு நழுவியது. பாதிப் படியில் உட்கார்ந்து, குடுவையை வெளியே எடுத்து மறுபடி சுற்றினாள். அப்போதுதான் மேலேயிருந்து வாசம் இறங்கி வந்தது. வெண்ணெயும் பூவும். கை பழகாதவன் ஊற்றிய கொதிநீரில், யார் தயவும் இல்லாமல், இலை தானாக வாயைத் திறந்திருந்தது. “அட!” என்றார் சலேஹா அக்கா. சுபாஷினிக்கு ஆத்திரத்தில் கண் எரிந்தது. அந்த வாசம் அவள் மூக்கில் பட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது.