படத்தின் பின்பக்கம்

"இருபத்தெட்டு ஆண்டுகள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அஞ்சாமல் சரக்குக் கிடங்கின் வாயிலைக் கட்டிக்காத்த மாமனிதர், பாதுகாப்பு மேற்பார்வையாளர் திருவாளர் வேதமாணிக்கம் அவர்கள், 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்தரை மணிக்குப் பணி ஓய்வு பெறுகிறார் என்பதைச் சகல ஊழியர்களும், லாரி ஓட்டுநர்களும், துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களும் கவனத்தில் கொள்ளவேண்டும்."

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தக் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் இதை எழுதி ஒட்டியவர் வேதமாணிக்கம்தான். கப்பல்களைச் சேர்க்கும் யோசனை கடைசி நேரத்தில் வந்தது. விட மனசு வரவில்லை.

விழாவில் கொடுக்க ஒரு கேடயத்துக்கும் சொல்லியாகிவிட்டது. அதில் பொறிக்கவேண்டிய வரியையும் அவரே தேர்ந்தெடுத்திருந்தார்: 'இவர் காவலில் ஒரு துரும்பும் போகவில்லை.' வீட்டுக் கூடத்தில், இயேசுநாதர் படத்துக்குக் கீழே, ட்யூப்லைட் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டார்.

மார்ச் இரண்டாவது வாரம் இருப்புச் சரிபார்த்தபோது துரும்பெல்லாம் பத்திரமாக இருந்தது. ஒரு தார்ப்பாய்தான் இல்லை. மழையில் சரக்கு மூட்டைகளை மூடும் பச்சைத் தார்ப்பாய்கள் மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளை பெயின்டில் எண் எழுதியிருக்கும். பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. பதினேழைக் காணோம்.

மேனேஜர் செங்குட்டுவனுக்கு முப்பத்திரண்டு வயது. மேஜைமேல் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தான். அதைத் தொடுவதற்கு முன்னால் கைகழுவிவிட்டு வருவான். "முப்பத்தொண்ணுக்குள்ள கண்டுபிடிங்க சார்," என்றான். "கெடைக்கலைன்னா கேடயத்துல அந்த வரி வேணாம். 'நல்வாழ்த்துகள்'னு மட்டும் போட்டுக்கலாம்."

நல்வாழ்த்துகள்! பிறந்தநாள் கேக்கில் எழுதுகிற வார்த்தை. வேதமாணிக்கத்துக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

சந்தேகப்படுவது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, ஒரு கலை. சலாம் வைக்கிறவனைச் சந்தேகப்படுவார்: எதற்கு வைக்கிறான்? சலாம் வைக்காதவனையும் சந்தேகப்படுவார்: ஏன் வைக்கவில்லை? டிபன் கேரியரில் கீழ் அடுக்கைத்தான் முதலில் திறப்பார். இப்போது கிடங்கின் அறுபத்துமூன்று பேரையும் வரிசையாக மனக்கண்முன் நிறுத்தி, வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஒரு தார்ப்பாயைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனால் வயிறு காட்டிக்கொடுத்துவிடும். ஒருத்தனும் அகப்படவில்லை.

"இன்னா தொலஞ்சிது, சொல்லித் தொலைங்களேன்," என்றாள் மனைவி அடைக்கலமேரி. "ரெண்டு நாளா உம்முன்னு உக்காந்துகினு கீறீங்க."

"அலுவலக ரகசியம்."

"க்கும். பெரிய மிலிட்டரி ரகசியம்."

துப்பு கொடுத்தவன் சுமைக்கூலிகளின் மேஸ்திரி சௌக்கத் அலி. கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்தான். டீக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டை எண்ணும் கிளார்க் பொன்னுரங்கத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச்செடுத்தான்.

"நம்ம பொன்னுரங்கம் வூட்டுல படம் போட்றான் சார், தெரியுமா? கட்டைய சட்டமா அடிச்சு, துணிய இஸ்து ஆணி வெச்சு, அது மேல பெயின்ட். காசிமேட்டு போட்டுங்கோ, எண்ணூர் பொகக்கூண்டு, ஆர்பர் கிரேன், ஒண்ணு பாக்கி இல்ல. சுவரு பூரா மாட்டி வெச்சிகீறான். சும்மா கண்ணாட்டம் கீது."

"துணியா?" வேதமாணிக்கத்தின் டீ பாதியில் நின்றது. "என்ன துணி?"

"கெட்டித் துணி சார். தட்னா டப்பு டப்புன்னு சத்தம் வர்து."

எல்லாம் புரிந்துவிட்டது. மூன்று மாதமாகப் பொன்னுரங்கம் உடைந்த பெட்டிகளின் பலகைகளை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டவர் வேதமாணிக்கம். அப்போதே கேட்டிருக்கவேண்டும்: பலகை சட்டத்துக்கு என்றால், சட்டத்தின்மேல் இழுத்துக்கட்டும் துணி எங்கிருந்து வருகிறது? ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டுக்காகத் தண்டையார்பேட்டையில் இருக்கிற இவர் வீட்டுக்கே வந்தான். கொல்லைப்பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, இவர் ஒரு மணி நேரம் ஸ்கூட்டரைத் துடைத்தார். அவசரம் ஒன்றுமில்லை, மேற்பார்வையாளர் என்றால் காக்கவைக்கவேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் அந்த ஸ்கூட்டர்மேல் ஒரு சொட்டு மழை விழ விட்டதில்லை அவர். பொன்னுரங்கம் முகம் சுளிக்காமல் நின்று, எதையோ பேப்பரில் கிறுக்கிக்கொண்டிருந்தான். காக்கவைத்தும் கோபப்படாதவன்! குற்றவாளியைத் தவிர யாருக்கு அந்தப் பொறுமை வரும்?

மறுநாள் குற்றவாளியே நேரில் வந்து கும்பிட்டான். நகக்கண்ணில் நீலப் பெயின்ட்.

"சார், வர்ற ஞாயித்துக்கெழம ராயபுரத்துல நம்ம வூட்டாண்ட வரணும். படமெல்லாம் மாட்டி எல்லாருக்கும் காட்றேன். நீங்கதான் ரிப்பன் வெட்டணும். ஒரு படம் தனியா மூடி வெச்சிகீறேன் சார். அத நீங்கதான் தொறக்கணும்."

"ஏன் நான்?"

"உங்களத் தவிர யாரு சார் கீறாங்க!"

திருடியவன், திருடிய பொருளைத் திறந்துவைக்கக் காவல்காரனையே கூப்பிடுகிறான். இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை அவர் பார்த்ததில்லை. செங்குட்டுவனிடம் போய், "ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தாங்களும் வரவேண்டும். சாட்சியாக," என்று காதில் சொல்லிவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

பொன்னுரங்கத்தின் வீடு ராயபுரத்தில், மீன்வண்டிகள் திரும்புகிற ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை. டி.வி.யைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டு, காலண்டர் மாட்டிய ஆணியைக்கூட விடாமல் சுவரெங்கும் படங்கள். மொத்தம் ஒன்பது. பத்தாவது, எதிர்ச்சுவரில், பொன்னுரங்கத்தின் மனைவி பூவம்மாவின் மஞ்சள் சேலையால் மூடப்பட்டிருந்தது. அதைப் பார்த்தமாத்திரத்தில் வேதமாணிக்கத்தின் இடதுகண் துடித்தது. மற்ற ஒன்பதும் சும்மா. சரக்கு அதில்தான் இருக்கிறது.

ஆனாலும் முறைப்படி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வேட்டிக் கரையிலிருந்து கிழித்த ரிப்பனை வெட்டினார். நேராக முதல் படத்திடம் போனார். அதில் பத்துப் பதினைந்து படகுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. சுவரோடு கன்னத்தை ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடி, படத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பார்த்தார். எண் இருந்தால் பின்பக்கத்தில்தானே இருக்கும்? இருட்டாக இருந்தது. ஒரு பல்லி இருந்தது.

இரண்டாவது படம். கன்னம் சுவரில். மூன்றாவது. கன்னம் சுவரில். வெள்ளையடித்த சுண்ணாம்பு முகத்தில் பாதிக்கு ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவி இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். "பூவம்மா, பாத்தியாடி? பெரிய மன்சங்கோ இப்டிதான் பாப்பாங்கோ போலகீது. நாம பேக்கு மாதிரி முன்னாடி நின்னுகினு கீறோம்." அவளும் போய் எண்ணூர் புகைக்கூண்டுப் படத்தருகே கன்னத்தைச் சுவரில் வைத்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பெண்கள். சுண்டல் தட்டோடு வந்த சௌக்கத் அலி, கூட்டம் மொத்தமும் சுவரில் காதுவைத்து ஒட்டுக்கேட்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துத் தானும் ஒட்டிக்கொண்டான்.

"எப்டி சார் கீது?" என்று கேட்டான் பொன்னுரங்கம். குரல் லேசாக நடுங்கியது.

அந்த நடுக்கத்தை வேதமாணிக்கம் குறித்துக்கொண்டார். "ஆழமாக இருக்கிறது," என்றார்.

பொன்னுரங்கத்தின் கண்கள் கலங்கிவிட்டன. கிடங்கில் இதுவரை அவனுடைய படங்களைப் பற்றி யாரும் ஆழம் என்று சொன்னதில்லை.

செங்குட்டுவன் வந்து சேர்ந்தான். கூடவே பஸ்சை விட்டிறங்கி வேர்க்க விறுவிறுக்க அடைக்கலமேரி. ஸ்கூட்டரில் தன்னோடு வந்தால் உளவு கெட்டுவிடும் என்று அவளைத் தனியே வரச்சொல்லியிருந்தார். எல்லாரும் மஞ்சள் சேலைக்கு முன்னால் கூடினார்கள். வேதமாணிக்கம் தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே! கலை என்பது யாது? ஒரு பொருளின் முன்பக்கத்தை மட்டும் காண்பவன் பாமரன். அதன் பின்பக்கத்தையும் காண்பவனே..." கொஞ்சம் நிறுத்தினார். "...காவலன். பொன்னுரங்கம், இந்தப் படத்தைக் கழற்றும். திருப்பி வையும்."

"சார், மொதல்ல சேலைய எடுத்து..."

"கழற்றும் என்றேன்!"

பொன்னுரங்கம் சேலையோடு சேர்த்துப் படத்தைக் கழற்றினான். பின்பக்கம் தெரியும்படி நாற்காலியில் சாய்த்துவைத்தான். துணியின் மூலையில் ஊதா மையில், அரைகுறையாக அழிந்த ஒரு முத்திரை இருந்தது.

"சாட்சிகள் பார்க்கலாம்!" வேதமாணிக்கத்தின் விரல் முத்திரையில் குத்தியது. "மேனேஜர் அவர்களே, காணாமல் போன கிடங்குத் தார்ப்பாய் இதோ. துண்டுபோட்டு, பெயின்டடித்து, கலை என்று பெயர் சூட்டி, அதைத் திறந்துவைக்க என்னையே கூப்பிட்டிருக்கிறான் இந்தப் பெரிய மனிதன். பத்துப் படம், ஒரு தார்ப்பாய். அளவு சரியாக இருக்கும்!"

பொன்னுரங்கத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு பிள்ளைகள், இந்த ஒரு வேலை. பேசினது பூவம்மாதான்.

"இன்னா சார் நீ, வூட்டுக்குக் கூப்ட்டு ரிப்பன் வெட்ட வெச்சா திருடன்ற? யானைக்கவுனில நான் கூடப் போயி பேரம் பேசி வாங்கின காடாத் துணி சார் அது. மில்லு முத்திர கூடத் தெரியல உனுக்கு. காட்டட்டா கடக்காரன் பில்ல?"

"தார்ப்பாயில வரைய முடியாது சார்," என்றான் பொன்னுரங்கம் மெல்ல. "அது மெழுகு ஏத்துனது. தண்ணியே நிக்காது, பெயின்ட் எங்கேர்ந்து நிக்கும்? காடாத் துணில சாக்பீஸ் பவுடரும் கோந்தும் கலந்து ரெண்டு வாட்டி பூசி, காஞ்சப்பறம் உப்புத்தாள் போட்டுத் தேச்சா தட்னா சத்தம் வரும். அவ்ளோதான் சார்."

செங்குட்டுவன் குனிந்து துணியை விரலால் தேய்த்துப் பார்த்தான். வெள்ளை. பச்சையின் சுவடே இல்லை. "காடாதான் சார்," என்றான்.

"அப்படியென்றால் ஏன் மூடி வைத்தாய்?" வேதமாணிக்கம் விடவில்லை. "மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்கு மூடுகிறான்?"

"உங்களுக்குப் பரிசு சார் அது. ரிட்டயர் ஆவுறீங்களேன்னு."

பொன்னுரங்கம் படத்தைத் திருப்பி, சேலையை உருவினான்.

கூட்டத்திலிருந்து "அய்ய, அப்டியே கீது!" என்று ஒரு குரல் எழுந்தது. படத்தில் வேதமாணிக்கம் நின்றார். முண்டா பனியன், தோளில் துண்டு, கையில் ஈரத்துணி, காக்கவைக்கிறவனுக்கே உரிய அந்த நிமிர்ந்த கழுத்து. முன்னால் ஸ்கூட்டர் பளபளத்தது. ஜனவரி ஞாயிற்றுக்கிழமையன்று கொல்லைப்பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றவன், எண்ணுகிற வேலை பார்ப்பவன், பார்த்ததில் ஒன்றையும் விடவில்லை. சோப்பு டப்பா இருந்தது. கொடியில் காய்ந்த அடைக்கலமேரியின் பாவாடை இருந்தது. ஸ்கூட்டருக்கு மேலே நாலு மூங்கிலில் இழுத்துக்கட்டிய பச்சைக் கூரை இருந்தது. கூரையின் ஓரத்தில், வெள்ளை பெயின்டில், இரண்டு இலக்கங்கள் இருந்தன.

செங்குட்டுவன் மூக்கை ஒட்டி நின்று படித்தான். "ஒண்ணு. ஏழு."

வேதமாணிக்கமும் பார்த்தார். அன்று மாலை அவர் ஒரு படத்தின் முன்பக்கத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நவம்பரில் புயல் வந்த வாரம், ஸ்கூட்டர் நனையக்கூடாது, ரெண்டே ரெண்டு நாளைக்கு என்று லாரியில் போட்டு அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தது. வாயிலில் சீட்டு எழுதவில்லை. சீட்டு எழுதச் சொல்கிறவர் அவர்தானே. அதற்குப் பிறகு தினமும் இரண்டு வேளை அதன் அடியில் ஸ்கூட்டரை விட்டார், எடுத்தார். நிமிர்ந்து பார்த்ததில்லை.

"இதத்தானா பத்து நாளா தேடிக்கினு கெடந்தீங்க?" என்றாள் அடைக்கலமேரி, சுண்டலை மென்றபடி. "ரகசியம் ரகசியம்னீங்களே. வாயத் தொறந்து தார்ப்பாயின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே அவுத்துக் குடுத்திருப்பேன்."

"அது எடுத்துச் சென்றதல்ல," என்றார் வேதமாணிக்கம், கன்னத்துச் சுண்ணாம்போடு. "பாதுகாப்பில் வைத்திருந்தது."

காத்தூன் பீவி பூவம்மாவிடம், "பின்னாடி பாக்கவே தேவயில்ல போலகீதேடி, முன்னாடியே எல்லாம் கீது," என்றாள். பொன்னுரங்கத்துக்கு என்ன நடந்தது என்று இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. "நம்பரு சரியா வரலையா சார்?" என்று கவலையோடு கேட்டான். "வேணும்னா அழிச்சிட்டு வேற போட்றேன்."

"வேணாம்," என்றான் செங்குட்டுவன். "ரொம்பச் சரியா வந்திருக்கு."

கேடயம் 'நல்வாழ்த்துகள்' என்ற ஒற்றை வார்த்தையோடு வந்தது. அதற்காக அடித்துவைத்த ஆணியில் அடைக்கலமேரி அந்தப் படத்தை மாட்டினாள். ட்யூப்லைட் வெளிச்சம் நேராகப் பதினேழின்மேல் விழுந்தது. தார்ப்பாய் திங்கட்கிழமை காலையே கிடங்குக்குத் திரும்பிவிட்டது. வாயிலில் அதைப் பிரித்து, இருபக்கமும் சோதித்து, கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பியவர் வேதமாணிக்கம்.