பெட்டிக்குள்ள போட்டுட்டேன்

ஹனந்தோவால் கண் இமைகளைத் தூக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் வுர்யானி அன்று காலை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். சலாத்திகா என்ற ஊரில் எங்கள் சந்துக்கு நான் தலைவன். 'பாக் ஏர்த்தே', அதாவது தலைவர் ஐயா, என்று கூப்பிடுவார்கள்; சுருக்கமாக 'பாக்'. சண்டையோ சாவோ, எதுவானாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். என்னிடம் ஒரு பழைய வேன் இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

"ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டான்மா," என்றேன்.

"இல்ல பாக். நேத்து சாயங்காலம் அவர பாம்பு கடிச்சிடுச்சு."

"நேத்தா! நேத்தே ஏன் சொல்லல?"

"வலியே இல்ல, வீங்கவும் இல்லன்னாரு. பல்லு மட்டும் பட்டிருக்கு, விஷம் எறங்கலன்னாரு. பாம்பு எங்கன்னு கேட்டேன். பெட்டிக்குள்ள போட்டுட்டேன்னாரு. சாப்பிட்டுப் படுத்துட்டாரு."

நான் போய்ப் பார்த்தபோது ஹனந்தோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குடித்தவன் போல நாக்குக் குழறியது. என்னைப் பார்க்க வேண்டும் என்று தலையைப் பின்னால் சாய்த்து, இமைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். எச்சில்தான் வழிந்தது. அவனை வேனில் ஏற்றும்போது கால்கள் துவண்டு தொங்கின.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பாம்பு என்பது. வுர்யானிக்குப் பெயர் தெரியவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக ஒன்று இருக்கும், போன மாதம்தான் வாங்கினார், கடித்தது அதுதானாம் என்றாள். டாக்டர் முகம் மாறியது. "கட்டுவிரியன். எங்ககிட்ட இருக்கற விஷமுறிவு மருந்து இதுக்குச் சரியாக் கேக்காது. மூச்சு நிக்கறதுக்குள்ள மெஷின்ல போட்டுடணும். விஷம் தானா எறங்கற வரைக்கும் மெஷின்தான் மூச்சு விடும்," என்றார். கொஞ்ச நேரத்தில் ஹனந்தோவின் தொண்டைக்குள் குழாய் போய்விட்டது.

ஹனந்தோ கைப்பேசி உறைகள் விற்கிறவன். பாம்புப் பைத்தியம் பிடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் பாம்பு வளர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதை நடத்துகிறவர் டானார், மருந்துக்கடைக்காரர். ஹனந்தோ சங்கத்தில் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருக்கிறார்: முதலில் விஷமில்லாத பாம்பு ஒன்றை ஒரு வருடம் வளர்த்துப் பார், பாம்பைத் தூக்கும் கொக்கிக் கம்பி கைக்குப் பழகட்டும், விஷப்பாம்புப் பெட்டியைத் தனியாக இருக்கும்போது திறக்காதே, கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள். "சாரைப்பாம்ப வளத்துக்கிட்டு உக்காரவா இங்க வந்தேன்?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டானாம். பிறகு இணையத்தில் ஆள் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கிப் பின்னறையை நிரப்பினான்.

அந்த டானாரைத்தான் வுர்யானி ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனில் அழைத்தாள். நாங்கள் சந்துக்குத் திரும்பியபோது அவர் முழங்கால் உயர பூட்ஸும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கையில் கொக்கிக் கம்பியோடு காத்திருந்தார். அவரைச் சுற்றிச் சந்தே கூடியிருந்தது. மூங்கில் கழிகள். ஒரு மூட்டை உப்பு. பாம்பு வெளியே வந்துவிடக் கூடாதென்று வீட்டைச் சுற்றி ஏற்கெனவே உப்புக் கோடு போட்டாகிவிட்டது.

"உப்பு அட்டைக்குத்தான்யா ஆகும்," என்றார் டானார். "பாம்பு அதத் தாண்டிப் போயிட்டே இருக்கும்."

எதிர்வீட்டுச் சுமியாத்தி விடவில்லை. "உன் புருஷன் பாம்ப வளத்தான், நாங்க பயத்த வளத்தோம்! நல்லா இருக்குதும்மா நியாயம்!" என்று வுர்யானியைப் பார்த்துக் கத்தினாள். கத்தும்போது அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தது வுர்யானியின் ஐந்து வயது மகள் லாராஸ். காலையிலிருந்து குழந்தைக்குச் சோறு ஊட்டி வைத்துக்கொண்டிருந்தவளும் சுமியாத்திதான்.

டானார் பின்னறையைத் திறந்தார். நான் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். ஆறு பிளாஸ்டிக் பெட்டிகள். உள்ளே இருப்பது தெரியாத மாதிரி எல்லாவற்றையும் துணியால் சுற்றியிருந்தான். பூட்டு இல்லை, ஒட்டும் டேப்தான். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி.

"ஒரு பெட்டியில கூட பேர் எழுதல, பாத்தீங்களா பாக்," என்றார் டானார்.

"தொறந்து பாத்துட வேண்டியதுதானே?"

"எதுல எது இருக்குன்னு தெரியாம தொறக்கறதா? நாகம் இருக்கற பெட்டின்னா மூடியத் தூக்கினதும் விஷத்தக் கண்ணுல துப்பும், இந்தப் பக்கத்து நாகம் அப்படி. பச்சை விரியன்னா மூடியிலயே சுத்திக்கிட்டு இருக்கும். ஒவ்வொண்ணையும் தொறக்கற விதம் வேற."

மூலையில் சிவப்பு மூடி போட்ட பெட்டி ஒன்று. அதன் மூடி அரைகுறையாகத் திறந்திருந்தது. டானார் தூரத்தில் நின்றே கம்பியால் துணியை விலக்கினார். உள்ளே கசங்கிய செய்தித்தாளும் தண்ணீர்க் கிண்ணமும் மட்டும் இருந்தன.

"இது ரொம்ப நாளா காலியா, இல்ல நேத்துதான் காலியாச்சா?"

"பெட்டிக்குள்ள போட்டுட்டேன்னாரே," என்றாள் வுர்யானி.  அதையே இன்னொரு தரம் சொன்னாள், மெதுவாக.

டானார் பின்னறைக் கதவைச் சாத்தி இடைவெளியை ஈரத்துணியால் அடைத்தார். "பகல்ல கட்டுவிரியன் மந்தமா எங்கயாவது சுருண்டு கெடக்கும். இருட்டினா நடமாட ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள எங்க இருக்குன்னு தெரியணும்," என்றார்.

அது தெரிந்தவன் ஹனந்தோ ஒருவன்தான். மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தீவிர சிகிச்சை அறையில் ஹனந்தோ கட்டையாகக் கிடந்தான். கண்கள் உலராமல் இருக்க இமைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். வுர்யானி அவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கிருந்த நர்ஸ் பெண் அவள் தோளைத் தொட்டாள். "மயக்கத்துல இல்லக்கா. எல்லாம் கேக்குது அவருக்கு. அசையத்தான் முடியல. வலது கால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் ஆடுது, பாருங்க."

வுர்யானி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள்.

"நான்தான். நான் கேக்கறதுக்கு ஆமான்னா விரல ஆட்டுங்க. இல்லன்னா சும்மா இருங்க. புரியுதா?"

விரல் அசைந்தது. புழு நெளிவது போல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்.

ஜன்னலோரப் பெட்டியில் நாகமா? அசைந்தது. அதற்குக் கீழே இருப்பதிலும் நாகமா? அசையவில்லை. பச்சை விரியனா? அசைந்தது. இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் பக்கத்தில் நின்று டானாருக்குப் போனில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் சிவப்பு மூடிக்கு வந்தாள்.

"கட்டுவிரியன் அதுலதான் இருந்துச்சா?"

அசைந்தது.

"கடிச்சப்புறம் திரும்ப உள்ள போட்டுட்டீங்கதானே?"

விரல் அசையவில்லை. களைத்துவிட்டானோ என்று நினைத்தேன். வுர்யானி பாதத்தை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"போடலையா?"

அசைந்தது.

"பின்னறைக்குள்ளதானே விட்டீங்க?"

இல்லை.

"சமையக்கட்டா?"

இல்லை.

அவள் இன்னொரு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். 

"முன்னறையா?"

விரல் அசைந்தது. அவள் கேள்வியை முடித்த பிறகும் அசைந்துகொண்டே இருந்தது.

பாம்பின் வாலில் பழைய சட்டை உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவளும் குழந்தையும் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், அதை உரித்துவிட, வெளிச்சம் போதவில்லை என்று பாம்பை முன்னறைக்குக் கொண்டு வந்திருக்கிறான். கடித்ததும் கீழே போட்டுவிட்டான். தேடியும் கிடைக்கவில்லை. இதெல்லாம் அவனுக்குக் குரல் திரும்பிய பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் கையில் இருந்தது ஒரு கட்டைவிரலின் அசைவு மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது.

வுர்யானி பாதத்தைக் கட்டிலில் வைத்துப் போர்வையை இழுத்து மூடினாள்.

"ராத்திரி பூரா புள்ள அங்கதான் கீழ படுத்திருந்தா," என்றாள். அவள் குரல் உயரவேயில்லை. "தெரிஞ்சே படுக்க விட்டீங்க."

ஹனந்தோவின் இமைகளில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்கு அடியிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. நர்ஸ் பஞ்சை எடுத்துத் துடைத்தாள். வுர்யானி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், துடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. டானார் கூட்டத்தைப் பார்த்து, "ஒத்தை ஆளா நான் தொட மாட்டேன். வெளிச்சம் பிடிக்கவும் மூடி போடவும் இன்னொரு ஆள் வேணும். எங்க சங்கத்துல இன்னிக்கு யாரும் ஊர்ல இல்ல," என்றார். கழி வைத்திருந்த ஆண்கள் எல்லாரும் கழியைப் பார்த்தார்கள். தலைவன் என்ற முறையில் நான் முன்னால் போனேன். நிலைப்படிவரைதான் போனேன். 

"நீங்க வாசல்ல நில்லுங்க பாக்."

"நான் பிடிக்கறேன்," என்றாள் வுர்யானி.

"அக்கா, நீங்க இருக்கற நெலமையில..."

"என் வீடு. சோபா எங்க இருக்கு, இடுக்கு எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

டானார் யோசித்தார். பிறகு தன் பூட்ஸைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டு, என் ரப்பர் பூட்ஸை வாங்கித் தான் போட்டுக்கொண்டார். "நான் சொல்ற வரைக்கும் நின்ன எடத்த விட்டு அசையாதீங்க. கைய எந்த இடுக்குக்குள்ளயும் விடாதீங்க. பாம்பு உங்க பக்கம் வந்தா வெளிச்சத்தக் கீழ போட்டுட்டுப் பின்னால போங்க. பிடிக்கணும்னு நெனைக்கவே கூடாது."

ஒவ்வொரு பொருளாகக் கம்பியால் நகர்த்திப் பார்த்தார்கள். செருப்பு அலமாரி, குழந்தையின் பொம்மைக் கூடை, சுருட்டி வைத்த பாய். ஒன்றிலும் இல்லை. சோபாவைப் பின்னால் சாய்த்தபோது அதன் அடித்துணி ஓரிடத்தில் கிழிந்து தொங்கியது. வுர்யானி விளக்கைத் திருப்பினாள்.

"இருக்கு," என்றாள்.

வாசலிலிருந்து பார்த்த எனக்கு, துணி மடிப்புக்குள் வெள்ளையும் கறுப்புமாக ஒரு சுருள் மட்டும் தெரிந்தது. தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. டானார் உயரமான குப்பைத்தொட்டி ஒன்றைத் தரையில் படுக்க வைத்து, கம்பியால் அந்தச் சுருளை அவசரமில்லாமல், இழுக்கிறோம் என்றே தெரியாதபடி தொட்டிக்குள் தள்ளினார். தொட்டியை நிமிர்த்தினார்.

"இப்ப மூடி. மேல கை வைக்காதீங்க. ஓரத்த மட்டும் பிடிச்சுத் தள்ளுங்க. ஆங், அப்படித்தான். ரெண்டு பக்கமும் கொக்கிய மாட்டுங்க."

கொக்கி மாட்டிய சத்தம் வாசல்வரை கேட்டது. வுர்யானி பேனாவை எடுத்து மூடியின் மேல் 'கட்டுவிரியன், விஷம், ஒன்று' என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

அன்று மாலையே எல்லாவற்றையும் அடித்துக் கொல்ல வேண்டும் என்று சந்து கேட்டது. பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது, ஒரு வாரத்தில் காலி செய்யப்படும், அதற்கு நான் பொறுப்பு என்றேன். கட்டுவிரியனை டானார் அப்போதே எடுத்துக்கொண்டு போனார். மற்றவற்றுக்கு நல்ல இடம் தேடி ஒவ்வொன்றாக அனுப்பினார். அதுவரை வந்து வந்து தண்ணீர் வைத்தார். ஒவ்வொரு முறையும் சாவியைக் கொண்டு வந்து திறந்து, கதவருகே நின்று, முடிந்ததும் பூட்டை இழுத்துப் பார்த்தவள் வுர்யானிதான்.

ஹனந்தோ பிழைத்தான். இரண்டு வாரம் கழித்து நான்தான் வேனில் அழைத்து வந்தேன். குழாய் போட்ட தொண்டையிலிருந்து காற்றோடு கலந்துதான் குரல் வந்தது. முன்னறையில் சோபா இல்லை. அதைக் கவனித்தான், கேட்கவில்லை. பின்னறைப் பக்கம் பார்த்தான்.

"சாவி?"

"அறை காலி," என்றாள் வுர்யானி.

"பாம்பு மேல தப்பில்ல வுர்."

"பாம்பு மேல தப்புன்னு நான் எப்ப சொன்னேன்?"

"இனிமே டானார் சொல்ற மாதிரி முதல்லேருந்து ஆரம்பிக்கறேன். பூட்டு, பேரு, ரெண்டு ஆளு, எல்லாம். விஷமில்லாததா ஒண்ணே ஒண்ணு..."

"கடிச்சுது, சரி. கை தவறிடுச்சு, அதுவும் சரி. காணலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா புள்ளய தூக்கிக்கிட்டு வெளியில போயிருப்பேன்ல?"

"வெக்கமா இருந்துச்சு," என்றான் அவன். "காலையில தேடிக்கலாம்னு நெனச்சேன்."

அவள் உள்ளே போய்க் கஞ்சி கொண்டு வந்து, ஆற்றி, அவன் கையில் கொடுத்தாள். 

இப்போதும் அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். ஹனந்தோ கடைக்குப் போகிறான். சில வாரம் முன்பு என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தான்.

"பாக், அவ சண்டையே போடறதில்ல. ஆனா எதச் செஞ்சாலும் வந்து பாக்கறா. கேஸ அணைச்சீங்களான்னா அணைச்சேங்கறேன். எழுந்து போய்ப் பாக்கறா. கதவ சாத்தினீங்களான்னா சாத்தினேங்கறேன். அதையும் போய்ப் பாக்கறா. நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

"பாக்கட்டும்ப்பா," என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனான்.