நாற்பத்திரண்டு பேருக்குப் போக மிச்சக் காற்று

மாதரசியின் முகூர்த்தம் பத்தரைக்கு. மலைமேல் மண்டபத்தில் அவள் சித்தப்பா நாற்காலிமேல் ஏறி, சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் பொரி போட்ட பிறகுதான் தாலி என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அண்ணன் தவசியப்பன் இன்னும் வரவில்லை. அதனால் மணி பத்து இருபதிலேயே இருந்தது.

தவசியப்பன் அடிவாரத்தில், பொரி மூட்டையும் முப்பத்தொரு வயது டீசல் வேனுமாக நின்றான். சமதளத்தில் வேன் நன்றாகவே ஓடும். ஏற்றத்தில்தான் இழுக்கவில்லை. மிதிக்க மிதிக்கக் கறுப்புப் புகை தள்ளியது. மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் பின்னோக்கியே இறங்கிவிட்டான். அவன் இறங்கும்போதெல்லாம் மலையில் ஒரு வளைவு கூடியது.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் மெக்கானிக் இன்னாசியின் பட்டறை. இன்னாசி வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தவசியப்பனை பெஞ்சில் உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொன்னார்.

“கோளாறு வண்டிக்குண்ணே.”

“வண்டிக்கு நாக்கு இருக்கா?”

இல்லைதான். நீட்டினான்.

அடுத்து ஒரு படிவம். வேன் இதற்குமுன் ஓடியதற்கு இரண்டு சாட்சி வேண்டும். புகையின் பெயர், தகப்பன் பெயர், நிறம் எழுத வேண்டும். புகையையும் கையோடு கொண்டுவர வேண்டும். தவசியப்பன் தாம்பூலப் பை ஒன்றில் பிடித்து வந்தான். இன்னாசி மோந்து பார்த்து, டீசல் அதிகம், காற்று குறைவு என்று எழுதினார்.

“அதத்தானண்ணே வந்ததும் சொன்னேன்.”

“நீ சொன்ன. புகை சொல்லலையே.”

பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். சுத்தமாக இருந்தது. டீசல் ஃபில்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாசில் நான்கும் டீசலைப் பூப்போலத் தெளித்தன. வண்டிக்கு ஒன்றுமில்லை, டிரைவருக்குத்தான் நாக்கு வெளுத்திருக்கிறது என்றார். தவசியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டான். அதற்குள் சித்தப்பாவின் போன். கை கடுக்கிறதாம். அசந்த நேரத்தில் முள் வழுக்கி, மணி பத்து இருபத்தேழு ஆகிவிட்டதாம்.

அப்போதுதான் இன்னாசி வேனின் முகப்புக்கு வந்தார். காற்று போகும் கம்பி வலையை மூடி, மூலைக்கு மூலை இழுத்துக் கட்டியிருந்தது கல்யாண ஃபிளெக்ஸ். அதில் மணமக்களுக்குக் கீழே சொந்தக்காரர்கள் நாற்பத்திரண்டு பேர் கும்பிட்டபடி நின்றார்கள். நடுவில் எல்லோரையும்விடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன் பெரியகருப்பன். இன்னாசி ஒரு காகிதத் துண்டை அவர் மூக்கருகே காட்டினார். காகிதம் போய் ஒட்டிக்கொண்டது.

“காத்தையெல்லாம் இவுங்க இழுத்துக்கிட்டா வண்டி என்ன பண்ணும்?”

தவசியப்பன் குனிந்து பார்த்தான். நாற்பத்திரண்டு நெஞ்சும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

ஃபிளெக்ஸை அவிழ்க்க முடியாது. காதுகுத்து ஃபிளெக்ஸில் படம் சின்னதாகப் போனதற்கே பதினொரு வருஷம் பேசாமல் இருந்த மாமா அவர். ஏற்றம் முடியும்வரை மூச்சை அடக்குங்கள் என்று தவசியப்பன் எல்லோரையும் கெஞ்சினான். பெரியம்மா உடனே கன்னத்தை உப்பிக்கொண்டாள். மற்றவர்களும் சரி என்றார்கள். மாமா மட்டும் கும்பிட்ட கையை எடுக்காமலே சொன்னார்.

“நான் எதுக்குடா அடக்கணும்? நான் தாய்மாமன்.”

அப்படியானால் யாராவது ஒருவர் வெளியே வர வேண்டும் என்று இன்னாசி பிளேடை நீட்டினார். நாற்பத்தொரு பேரும் மலையைப் பார்த்தார்கள். வலது கீழ்மூலையில், தபால் தலை அளவில், ‘அன்பு அண்ணன்’ என்று இவன் படம் இருந்தது. தவசியப்பன் தன்னையே சுற்றி அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அந்த ஓட்டை வழியாகக் காற்று போயிற்று. புகை நின்றது. வேன் பத்தொன்பது வளைவையும் மூச்சிரைக்காமல் ஏறியது.

மண்டப வாசலில் சந்தனம் கொடுக்கும் பெண் யாரென்று கேட்டாள். பெண்ணுக்கு அண்ணன் என்றான். அவள் எட்டி ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லையே என்றாள். சித்தப்பாவும் முள்ளை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, ஓரமா நில்லுப்பா. எங்க வீட்டுப் பையன் வரணும்.”

சட்டைப்பையில் இருந்ததைக் காட்டினான். அது யார் படமாகவும் இருக்கலாம் என்றார்கள்.

தவசியப்பன் படத்தைத் திரும்பப் பைக்குள் போட்டான். ஓடிக்கொண்டிருந்த வேனிடம் போய், கம்பி வலைக்கும் ஃபிளெக்ஸுக்கும் நடுவே நுழைந்து, முகத்தை ஓட்டையில் வைத்தான். அளவெடுத்தாற்போல் பொருந்தியது. காற்று அடைபட்டு இன்ஜின் இருமி நின்றது. நிற்கட்டும். மேலே வந்துதானே நின்றது.

“வந்துட்டியா? ஏன்டா இவ்வளவு நேரம்?” என்றார் சித்தப்பா.

மாதரசி மணக்கோலத்தோடு வாசலுக்கு இறங்கி வந்து, வேனுக்கு முன்னால் கையேந்தி நின்றாள்.

“போடுண்ணே.”

ஃபிளெக்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் பொரியோடு வந்தன. ஒரு பொரி சிந்தவில்லை. சித்தப்பா முள்ளை விட்டார். மேளம் கொட்டியது.

“தவசி,” என்றார் ஃபிளெக்ஸ் நடுவிலிருந்த மாமா, “மெதுவா மூச்சு விடு. எனக்குக் காத்து பத்தல.”