பெயிண்ட் பிடிக்காத இடம்

போன மழைக்காலத்திலிருந்து அந்த ஆலயத்தில் ஜெபங்கள் எல்லாம் கூரையிலேயே ஒட்டிக்கொண்டன. மேலே போகிற வழியில் சற்று இளைப்பாறுகின்றன என்று போதகர் அறிவிப்பு நேரத்தில் சொன்னார். சபையார் தலையாட்டிவிட்டு அடுத்த அறிவிப்பான தண்ணீர்த் தொட்டி விஷயத்தைக் கவனித்தார்கள். ஒவ்வொருவர் ஜெபமும் அவரவர் இடத்துக்கு நேர் மேலே, அவரவர் சாயலில் இருந்தது. தலைமையாசிரியையுடையது வரிசை எண் போட்டு, மருத்துவருடையது கடவுளே கண்ணாடி மாட்டினாலும் படிக்க முடியாத கிறுக்கலாக.

வெள்ளையடிக்க வந்த பெயிண்டரும் அதே சபைதான். பதினான்கு வருடமாக வேதாகம வினாடி வினாக் கோப்பையை வேறு வீட்டுக்கு விடாதவர். நோவாவின் பேழையில் எத்தனை ஆணி என்று கேட்டால்கூட யோசிக்காமல் ஓர் எண் சொல்வார். "படிக்காம அடிச்சிட்டு இறங்கிருங்க" என்று போதகர் சொன்னது ஏணியின் மூன்றாம் படியிலேயே மறந்துபோயிற்று. ஒவ்வொன்றையும் எழுத்து விடாமல் படித்த பிறகே பிரஷை வைத்தார். பிரஷ் பட்டதும் ஜெபம் ஒரு தும்மல் போட்டுவிட்டு ஓட்டிடுக்கு வழியாக மேலே போய்விடும்.

கடைசி பெஞ்சுக்கு மேலே மட்டும் எழுத்தே இல்லை. உள்ளங்கை அகலத்தில் வெறும் ஈரத் திட்டு. கீழே உட்காருகிறவர் பெயிண்டருடைய மனைவியின் அண்ணன், ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் இயக்குகிறவர், ஆமென் சொல்லவே மூச்சு வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் டீ குடிக்கையில் பெயிண்டர் குரலை உயர்த்தினார். "மச்சான், இருபது வருஷம் வந்தீங்களே, மேல ஒரு புள்ளிகூட இல்லையே?" சிரிப்பில் மூன்று கோப்பைகள் சிந்தின. மச்சானும் சிரித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார், போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும்.

இதற்கிடையில் பெயிண்டர் அந்தத் திட்டில் ஏழு கோட்டிங் அடித்தார். ஏழும் உதிர்ந்தன. கையை வைத்துப் பார்த்தார். தூங்கும் குழந்தையின் முதுகு போல வெதுவெதுப்பாக இருந்தது. சட்டென்று ஒரு சந்தேகம் வந்து தன் இடத்துக்கு மேலே தேடினார். ஒன்றுமில்லை. அவருடையது பெஞ்சுக்கு அடியில் சூயிங்கம் போல ஒட்டியிருந்தது: வசனங்கள், அதிகாரம், எண், முடிவில் "சரிதானே ஆண்டவரே?" வெட்கத்தில் அவர் காதுகள் கொதித்த கொதிப்பில் சுவர் விரிசலில் பூசிய ஈரப் பட்டி மாவு ஒரே நிமிடத்தில் காய்ந்தது.

அதே காதுகளோடு போய் மச்சானின் லிஃப்டில் ஏறினார். "எத்தனாவது மாடி மாப்பிள்ளை?" என்றார் மச்சான், திரும்பாமல். ஆட்கள் இருந்ததால் ஒன்பது முறை ஏறி இறங்க வேண்டியதாயிற்று. கடைசியில் வெக்கை தாங்காமல் எல்லாரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள்.

"எட்டிப் பாத்ததே தப்பு மச்சான். அதை டீ நேரத்துல சொன்னது அதைவிட அசிங்கம்."

"எனக்கு வார்த்தை வராது மாப்பிள்ளை. சும்மா உக்காந்திருப்பேன். ஆண்டவரும் பக்கத்துல உக்காந்திருக்கார்னு நெனச்சேன். நீங்க சொன்னப்புறம், யாருமே இல்லையோன்னு ஆகிப்போச்சு."

"அந்த இடம் சூடா இருக்கு மச்சான். நான் கை வெச்சுப் பாத்தேன்."

நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், இருபது வருடமாக அங்கே என்னதான் நடக்கிறது என்ற கேள்வி பெயிண்டரின் தொண்டை வரை வந்தது. விழுங்கினார். கோழிமுட்டை அளவு இருந்தது.

"இறங்குங்க," என்றார் மச்சான். "லிஃப்ட் வேகுது."

ஞாயிறன்று மச்சான் கடைசி பெஞ்சில் இருந்தார். அந்த வருடம் வினாடி வினாக் கோப்பை வேறு வீட்டுக்குப் போயிற்று. உள்ளங்கை அகலம் இன்றும் பெயிண்ட் பிடிக்காமல் இருக்கிறது. அது என்ன என்று கேட்பவர்களிடம் பெயிண்டர் தெரியாது என்கிறார். குளிர்காலத்தில் புறாக்கள் அதற்கு நேர் மேலே உள்ள ஓட்டில்தான் உட்காருகின்றன.