காற்றை விட்ட மாதிரி

துறைமுக ஆபீசில் பன்னிரண்டு வருஷமாகப் படம் வரைந்துவந்த தேவபிரசாதத்துக்கு, நேற்று வந்த தனராஜைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. யுத்தம் முடிந்து சரக்குக் கப்பல்கள் குவிந்திருந்த நேரம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கரை சேர்க்கும். இன்னொரு தோணித்துறை வேண்டுமா, இருப்பதே போதுமா என்று மேஜைமேல் துறைமுகத்துக்கு ஒரு மாதிரி செய்து, ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி இருவரிடமும் கேட்டிருந்தார் இன்ஜினியர் ஆறுமுகநயினார். யாருடையது தேறுகிறதோ அவனுக்கே ஹெட் டிராப்ட்ஸ்மேன் நாற்காலி என்று ஆபீசே பேசிக்கொண்டது.

தேவபிரசாதம் ஒன்றையும் விடவில்லை. சுங்கச்சாவடி, கலங்கரை விளக்கம், கொடிமரம் வரைக்கும் மரத்தில் இழைத்து வர்ணம் பூசினான். பார்க்கத் தேராட்டம் இருந்தது. ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. தனராஜுக்குத் தீப்பெட்டி கப்பல், புளியங்கொட்டை தோணி, ஒரு பலகை துறை. சரக்கு ஏற்ற, இறக்க ஆகும் நேரத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக் கொட்டைகளை நகர்த்தினான். கேட்ட கேள்விக்கு வேண்டாத எதுவும் மேஜையில் இல்லை. இன்ஜினியர் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தானே சீட்டு எடுத்தார். கொடிமரத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துறைமுகக் கமிட்டிக்குக் காட்டுவதற்கு முந்தின நாள் தனராஜ் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நான் சாத்தான்குளத்துக்காரன், கடல் தெரியாது. எதையாவது விட்டிருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்ததுமே தேவபிரசாதத்துக்கு விளங்கிவிட்டது. கொட்டைகள் சரக்கு ஏற்றியவுடன் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. காலையில் கரைக்காற்றில் போகிற தோணிகளோ, மத்தியானம் கடல்காற்று எழும்பினால்தான் பாய் விரித்து ஒன்றாகத் திரும்பும். பயல் காற்றை விட்டுவிட்டான். நாளைக்கு மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது.

"எல்லாம் சரியாத்தான்ல இருக்கு" என்றான்.

மறுநாள் கமிட்டியில், இருக்கிற துறையே போதும் என்று கொட்டைகள் சொல்லி முடித்த நேரம், ஜன்னலுக்கு வெளியே கடல்காற்று எழும்பியது. தோணிகள் அத்தனையும் ஒன்றாகப் பாய் விரித்து வந்து, துறையில் இடமில்லாமல் முட்டி நின்றன. கமிட்டியார் மேஜையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

தனராஜின் முகம் வெளுத்தது. தேவபிரசாதம் அண்ணாச்சியிடம் காட்டிக் கேட்டேன், சரியாக இருக்கிறது என்றார்களே என்று தடுமாறினான்.

இன்ஜினியர் திரும்பினார். "ஏன்வே, பன்னிரண்டு வருஷமா இந்த ஜன்னல் பக்கத்துலதான உக்காந்திருக்கீரு. காத்து உமக்குத் தெரியாதா?"

தெரியும் என்றால் பொறாமை சபைக்கு வந்துவிடும். தேவபிரசாதம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

"தெரியாது சார்."

இன்ஜினியர், காற்றையும் சேர்த்துக் கொண்டுவரும்படி தனராஜிடம் சொன்னார். வெளியே வந்ததும் தனராஜ் தேவபிரசாதத்தின் தோளைத் தொட்டான்.

"விடுங்க அண்ணாச்சி. நமக்கு ரெண்டு பேருக்குமே கடல் தெரியாமப் போச்சு."