கடல் சாமந்திக்கு ஒரே வாய்

இரண்டு நாள் லீவு முடிந்து திங்கட்கிழமை அஜிதா ஆய்வகக் கதவைத் திறந்ததும் அழுகிய சாளை மீனின் நாற்றம் முகத்தில் அடித்தது. தொட்டித் தண்ணீர் கஞ்சித் தெளிவு மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை வரை சோற்றுத்தட்டு அகலத்துக்கு விரிந்து நின்ற கடல் சாமந்தி, பிழிந்து போட்ட தரைத்துணியாக ஒரு மூலையில் சுருங்கியிருந்தது.

பூப்போல விரியும் அந்தப் பிராணி, விழிஞ்ஞம் கடற்கரையில் மீனவர் வலையில் பாறைத் துண்டோடு சிக்கி வந்தது. பதினொரு மாதமாக அவள்தான் தீனி போடுகிறாள். நான்கு நாளைக்கு ஒரு முறை, சுண்டுவிரல் நக அளவு இறால் துண்டு. இழைகள் அதைக் கொட்டிப் பிடித்து நடுவிலுள்ள வாய்க்குத் தள்ள எத்தனை நிமிடம், சக்கையைத் துப்ப எத்தனை மணி நேரம் என்பதுதான் அவளுடைய எம்.ஃபில். இன்னும் ஒரு மாத வேலை பாக்கி. இது செத்தால் பதினொரு மாதமும் அதோடு போயிற்று. முதலிலிருந்து தொடங்க இன்னொரு வருடம் வேண்டும் என்று சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை சுமக்கும் அப்பாவிடம் போய் நிற்க அவளால் ஆகாது.

"பிச்சையாண்ணே! யாரு இதுல சாளையைப் போட்டது?"

பியூன் பிச்சையா வாளியோடு வந்து நின்றார். "சாரு சொன்னாரு பிள்ளே, போட்டேன். சனிக்கிழம ரெண்டு, நேத்து ரெண்டு. நாளைக்கு கமிட்டி வருதுல்லா, தின்னு கொழுத்து நிக்கணும்னாரு."

"முழு மீனாவா?"

"பின்ன, முள்ளெடுத்தா ஊட்டுவாவ?"

அவள் ரப்பர் குழாயைப் போட்டு அடிக்கசடை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் அழகியநம்பி வந்தார். கரமனை அக்கிரகாரத்துக்காரர். மீன் வாடை ஆகாது. எப்போதும் வாசலிலேயே, மூக்கில் கைக்குட்டையோடு நின்று பேசிவிட்டுப் போவார்.

"சார், இது சாகப் போவுது. முழு மீனு இதுக்குச் செரிக்காது. உள்ளேயே அழுகுது."

"நாலு பேர் ஆத்துக்கு வரச்சே எதையாவது பட்டினி போட்டு நிறுத்துவாளோ? நாளைக்கு அவா முன்னாடி பெரிசா ஒண்ணு போடு. அது பிடிச்சு முழுங்கறதை அவா பாக்கணும்."

"போட மாட்டேன் சார்."

கைக்குட்டை இறங்கியது. "மூட்டை தூக்கறவன் பொண்ணுக்கு இங்க இடம் கொடுத்தேன் பாரு, அதாக்கும் என் தப்பு."

அவளுக்கு உச்சி வரை எரிந்தது. இடம் கொடுத்தாராம்! நுழைவுத் தேர்வில் முதல் மார்க் யாருடையது? இவர் வீட்டுப் பந்தியிலா இலை போட்டு உட்கார்ந்திருக்கிறாள்?

மறுநாள் துறையைப் பார்வையிட மூன்று பேர் கொண்ட கமிட்டி வந்தது. ஸ்ரீலட்சுமி மேடம் தலைமை. அன்றுதான் அழகியநம்பி முதன்முறையாகத் தொட்டி வரை வந்தார். அவர் கண்ணைக் காட்ட, பிச்சையா இடுக்கியில் ஒரு சாளையைத் தூக்கினார். அஜிதா பிச்சையாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க அண்ணே."

அந்த நேரம் பார்த்துக் கடல் சாமந்தியின் வாய் உப்பிப் பிதுங்கியது. கோழை சுற்றிய உருண்டையொன்று வெளியே புரண்டு விழுந்தது. உள்ளே பாதி கரைந்த மீன் தலை. நாற்றத்தில் ஒருவர் பின்வாங்கினார்.

"இதெந்தா?" என்றார் மேடம்.

"ஈ குட்டி ஓவர்ஃபீட் செய்ததாணு மேடம்," அழகியநம்பி நல்ல மலையாளத்தில் பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். "எல்லா திவசமும் எனிக்கு வந்நு நோக்கான் பற்றுமோ?" தினமும் வந்து பார்க்கத் தன்னால் ஆகுமா என்று கையை விரித்தார்.

அஜிதா அவர் பக்கம் திரும்பினாள். "சார், அதுக்கு ஒரே வாயாக்கும். தின்னுறதும் அதுல, கழிக்கிறதும் அதுல. கலர் சாக்பீசுல அம்புக்குறி போட்டு எங்களுக்கு வரைஞ்சு காட்டினது நீங்கதான். முப்பது வருசமா போர்டுல வரையிறீங்களே, ஒரு நாளாவது குனிஞ்சு அதைப் பாத்திருக்கீங்களா? நான் லீவுல இருந்த ரெண்டு நாளுல நாலு சாளை போடச் சொன்னது யாரு?"

பிச்சையா தரையைப் பார்த்தபடி, "சாரு சொன்னதாக்கும்," என்றார்.

மேடம் தொட்டியருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிழைக்குமா என்று கேட்டார்.

"தெரியல மேடம். இப்பவே போய்ப் புதுக் கடல் தண்ணி கொண்டுவந்து மாத்தினா, ஒருவேளை."

"வண்டியுண்டோ?"

"சாரோட கார் வெளிய நிக்குது."

"எங்கில் சார் தன்னெ கொண்டுபோகூ," என்று மேடம் அழகியநம்பியையே ஓட்டிப் போகக் கைகாட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஞங்ஙள் இவிடெ இரிக்காம்."

விழிஞ்ஞத்தில் அழகியநம்பி காரை விட்டு இறங்கவில்லை. பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு பாறைகளில் இறங்கி, கொண்டுவந்திருந்த நான்கு கேன்களையும் அவள்தான் நிரப்பினாள், அவள்தான் சுமந்தாள். இரண்டு கேன்கள் டிக்கியில் போயின. இரண்டைப் பின்சீட்டில், வெள்ளை டர்க்கி டவலின் மேல் வைத்து, நடுவில் தானும் ஏறி உட்கார்ந்தாள்.

"மூடியை இறுக்கேன்! சீட்டெல்லாம் நனையறது."

"மூடி இல்ல சார். பள்ளத்துல விடாம ஓட்டுங்க. சிந்திச்சுன்னா திரும்ப வரணும். அது செத்துச்சுன்னா, எப்படிச் செத்துச்சுன்னு ஒவ்வொரு சாளையா எழுதி என் ஆய்வேட்டுலயே சேர்ப்பேன்."

அவர் கண்ணாடி வழியாக அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு வண்டியை மெல்ல நகர்த்தினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தார்.